தூரமா போறீங்களா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மின்சாரக் காரில் ஒரு சுற்று

வெள்ளி இரவு, கிருஷ்ணகிரி

சித்தியும் சித்தப்பாவும் தூங்கப் போயாச்சு, இப்போதுதான் எழுத உட்கார முடிந்தது. சென்னையில் இருந்து கிருஷ்ணகிரி 250 கிலோமீட்டர் சொச்சம். பெட்ரோல் கார் என்றால் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்துவதோடு சரி. நம்முடையது 40 யூனிட் பேட்டரி வண்டி, ஏசி போட்டுக்கொண்டு எண்பது தொண்ணூறில் போனால் யூனிட்டுக்கு ஆறு, ஆறரை கிலோமீட்டர் கொடுக்கும். அதனால் வேலூர் தாண்டி ஒரு இடத்தில் சார்ஜ் போட்டோம். அங்கே ஆளே இல்லை. சார்ஜர் கேபிள் முனையில் இருக்கிற கைப்பிடியை, அதாவது கன்னை மாட்டினோம், காபி குடித்தோம், கிளம்பினோம், எழுத ஒன்றும் இல்லை. கதை எல்லாம் கிருஷ்ணகிரிக்கு வந்த பிறகுதான்.

இந்த ஊரின் இருப்பிடமே அப்படி. சென்னையில் இருந்து வரும் 48-ம் எண் சாலையும் சேலத்தில் இருந்து வரும் 44-ம் எண் சாலையும் இங்கே சேர்ந்து ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு ஏறுகின்றன, திருவண்ணாமலை, திண்டிவனம் பக்கம் போகிறவர்களும் இங்கேதான் பிரிகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரில் வேலை பார்க்கிற பாதித் தமிழ்நாடு ஊருக்குக் கிளம்பி இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. அதில் பச்சை நம்பர் பிளேட் போட்ட மின்சார வண்டிகள் இப்போது கொஞ்சம் நஞ்சமில்லை.

நாங்கள் நிறுத்திய ஹோட்டலில் ஒரே மெஷின், இரண்டு கன். முதல் இடத்தில் ஒரு பெட்ரோல் வண்டி அழகாக நின்றுகொண்டிருந்தது. இரண்டாவதில் ஒரு மின்சார வண்டி, மெஷின் திரையில் 97 சதவீதம், உள்ளே போகும் கரண்ட் 6 கிலோவாட். வண்டியில் ஆள் இல்லை.

பெட்ரோல் வண்டிக்காரர்களைத் திட்டித் திட்டியே பழகிவிட்டோம், ஆனால் அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஹோட்டல் பார்க்கிங் முழுக்க வெயில், சார்ஜர் இருக்கிற அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் கூரை. வாசலுக்கும் அதுதான் பக்கம். போர்டு மூன்றடிக்கு இருக்கிறது, முழுக்க இங்கிலீஷில். கைக்குழந்தையோடு வருகிறவர் வேறு எங்கே நிறுத்துவார்? வாட்ச்மேன் அண்ணன் மைக்கில் வண்டி நம்பரைச் சொல்லி அழைத்ததும் அவர் சாம்பார் கையோடு ஓடி வந்தார். "நெழலுக்குப் போட்ட கொட்டாய்னு நெனச்சேங்க" என்றார். ஒரு சண்டையும் இல்லை, இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார். ஹோட்டல் முதலாளிகள் விளம்பரத்துக்காக இந்த மெஷினை வாசலில் வைக்கிறார்கள், அப்புறம் நாள் முழுக்க வாட்ச்மேனை விட்டு வண்டிகளை விரட்டச் சொல்கிறார்கள். பின்பக்க மூலையில் வைத்து, "மின்சார வண்டி சார்ஜ் போட மட்டும்" என்று தமிழில் எழுதினால் பாதித் தகராறு தீரும் என்பது என் கருத்து.

97 சதவீதக்காரர்தான் பெரிய சிக்கல். சித்தப்பா மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், திரையைப் பார்த்தே கணக்குப் போட்டுவிட்டார். லித்தியம் செல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வோல்டேஜ் வரம்பு உண்டு, அதை நெருங்க நெருங்க வண்டியே கரண்ட்டைக் குறைத்து வாங்கும், இல்லாவிட்டால் செல் கெட்டுப்போகும். அதனால் 20-ல் இருந்து 80 வரை முக்கால் மணி நேரத்தில் ஏறுகிற வண்டி, மீதி 20-க்கும் கிட்டத்தட்ட அதே நேரத்தைத் தின்னும். "மெஷின் 60 கிலோவாட், இவரு 6 கிலோவாட் இழுத்துட்டு எடத்தப் புடிச்சிருக்காரு. வீட்டு பிளக்குல போட்டா இதுல பாதி வந்துரும் பாப்பா" என்றார்.

கல்யாணப் பந்தியில் பாயசம் முடிந்து, மோர் முடிந்து, இலையை மூடாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் பாருங்கள், நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் நிற்பது தெரிந்தும். அதுதான் இது. ஒரே வித்தியாசம், பந்தியில் நாம் நிற்பது அவர் முதுகுக்குத் தெரியும். இங்கே ஆள் மாடியில் ஏசி ஹாலில் இருக்கிறார், நாம் நிற்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

கன்னை நாமே பிடுங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது, கூடவும் கூடாது. சார்ஜ் ஓடும்போது வண்டி கன்னைப் பூட்டிக்கொள்ளும். பல வண்டிகளில் முடிந்த பிறகும் சொந்தக்காரர் சாவியால் திறந்தால்தான் விடும். சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் நின்றுவிடும்தான், ஆனால் சில மெஷின்களில் அதற்கப்புறம் கம்பெனிக்காரன் எங்கிருந்தோ ரீசெட் செய்கிற வரை இரண்டு கன்னும் செத்துக் கிடக்கும். தீப்பொறி, புகை, ஷாக் என்றால் அழுத்துங்கள். கோபத்துக்கு அழுத்தாதீர்கள்.

பெட்ரோல் வண்டி விட்டுப்போன இடத்தில் நாங்கள் மாட்டினோம். 97-க்காரர் வந்து பார்த்து, "ஓ, வெயிட்டிங்கா?" என்று கேட்டுவிட்டு 100 ஆனதும் எடுத்தார். நல்ல மனிதர்தான். யாரும் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

சனி இரவு, தருமபுரி

காலையில் கிருஷ்ணகிரி அணை. தென்பெண்ணைக்குக் குறுக்கே 1950-களில், காமராஜர் முதல்வராக இருந்தபோது கட்டியது. பூங்காவில் சித்தி நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார், சித்தப்பா மதகைப் பார்க்கப் போய்விட்டார், நான் வறுத்த மீன் வாசனைக்கும் காலைப் பொங்கலுக்கும் நடுவில் தவித்தேன். அப்புறம் காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு, நம்ம தட்டை மாதிரி. இந்தப் பக்கம் வந்தவர்கள் அந்த நிப்பட்டு வாங்காமல் போவதில்லை, நாங்களும் வாங்கினோம், ஒரு பொட்டலம் காரிமங்கலம் தாண்டுவதற்குள் காலி.

மாம்பழக் காலம் வேறு. வழி நெடுக பெங்களூரா மாங்காய் ஏற்றிய டெம்போக்கள் கூழ் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. செந்தூரா ஒரு பெட்டி வாங்கிப் பின்னால் வைத்ததில் வண்டி முழுக்க மணம்.

தருமபுரியில் தங்கி, ஞாயிறு ஒகேனக்கல் போவது திட்டம். 46 கிலோமீட்டர். போகும்போது பென்னாகரம் தாண்டி இறக்கம், திரும்பும்போது அதே மலை ஏற்றம், அதனால் இன்றைக்கே பேட்டரியை நிரப்பி வைத்துவிடலாம் என்று ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் ஒரு ஹோட்டலுக்குப் போனோம். எங்கள் பேட்டரியில் அப்போது 48 சதவீதம்.

அங்கே ஒரு சின்னக் கூட்டம். ஏ கன்னில் ஒரு இளைஞரின் வண்டி, 62 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பி கன்னை மாட்டினால் ஏதோ எரர் வந்து நின்றுவிடுகிறதாம். எங்களுக்கு முன்னால் ஒரு பெங்களூர்க் குடும்பம், 11 சதவீதத்தோடு, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள், தாத்தா பாட்டி. அந்த வீட்டுக்காரர் இளைஞரிடம் போய், "எண்பதுக்கு மேல போடக் கூடாதுங்க, அதான் ரூல்" என்று ஆரம்பித்தார். இளைஞர், "எந்த ரூல்? நான் காசு கட்டிப் போடறேன்" என்றார். குரல் ஏறியது.

எண்பது சதவீதம் என்பது ஒரு ரூலே இல்லை. எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது, அங்கங்கே பழக்கமாக ஆனது. நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையமாவது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2022-ல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. சார்ஜர் வைக்க மின்விநியோக உரிமம் வேண்டாம் என்று 2018-லேயே சொல்லிவிட்டார்கள், அதனால்தான் இப்படி ஹோட்டல்காரர்கள் எல்லாம் வைக்க முடிகிறது. வரிசையில் யார் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது மட்டும் நம் தலையில்தான். ஆனால் அந்த 80-ஐத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எண்பதுக்குக் கீழே இருப்பவர் எல்லாம் நியாயஸ்தர், மேலே இருப்பவர் எல்லாம் சுயநலக்காரர் என்றா ஆகிவிடும்? இந்த இரண்டு மாவட்டத்தில் சதவீதம் மட்டும் வைத்துப் பேசவே முடியாது. ஏனென்றால் இங்கே சாலை ஒரு பக்கம் ஏறுகிறது, ஒரு பக்கம் இறங்குகிறது.

சேலத்தைவிட தருமபுரி மேடு, அதைவிட ஓசூர் மேடு. கிருஷ்ணகிரி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 500 மீட்டர், ஓசூர் 900-க்குப் பக்கம். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 1,700 கிலோ வண்டியை அந்த 400 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 2 யூனிட் போகும். எங்கள் பேட்டரியில் அது 5 சதவீதம். சாலையில் ஓடுவதற்கு ஆவது தனி. இறங்குகிறவருக்கு அதில் ஒரு பகுதி ரீஜென் பிரேக்கில், அதாவது வேகம் குறையும்போது மோட்டாரே கரண்ட் செய்து பேட்டரிக்கு அனுப்புகிற பிரேக்கில், திரும்ப வருகிறது. ஒரே 60 சதவீதம், ஒருவருக்குத் தாராளம், இன்னொருவருக்கு வயிற்றில் புளி.

எனக்குக் கேட்கத் தோன்றியது "எங்க போறீங்க?" என்றுதான். வாயைத் திறப்பதற்குள் சித்தி கையைப் பிடித்து இழுத்தார். கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாதாம், காரியம் கெட்டுவிடுமாம். பிறகு அவரே அந்தப் பையனிடம் போய், "தூரமா போறீங்களா தம்பி?" என்றார், ஏதோ பஸ் ஸ்டாண்டில் பேச்சுக் கொடுக்கிற மாதிரி.

"சேலம்தாங்கம்மா."

அவ்வளவுதான், எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தருமபுரியில் இருந்து சேலம் 65 கிலோமீட்டர், நடுவில் தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். அவர் வண்டியும் எங்களுடைய அளவுதான், 25 சதவீதம் இருந்தாலே போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் ஏன் 100 வரை நிற்கிறார்? விசாரித்தால் வண்டி வாங்கி இதுதான் முதல் வெளியூர்ப் பயணமாம். நேற்றுச் சேலத்தில் இருந்து வரும்போது தொப்பூரில் ஏறுகையில் சதவீதம் கண் முன்னால் கடகடவென்று இறங்கியதைப் பார்த்து நெஞ்சு அடைத்துவிட்டதாம், திரும்பிப் போகும்போதும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்திருக்கிறார். சித்தப்பா அவருக்கு மண்ணில் கோடு போட்டு மலையை விளக்கினார். தொப்பூரில் இறங்கும்போது ரீஜென்னை அதிகமாக வைத்து நிதானமாகப் போ, லாரிகளுக்குப் பக்கத்தில் விளையாட்டுக் காட்டாதே, அந்தக் கணவாயில் விபத்து அதிகம் என்று கூடவே ஒரு எச்சரிக்கை.

வாட்ச்மேன் தாத்தா அதுவரை ஓரமாக பீடியோடு நின்றிருந்தார். "தம்பி, இது அதியமான் ஊரு. அவரு நெல்லிக்கனியவே தூக்கிக் குடுத்தாரு, நீங்க ஒரு ஒயர விட மாட்டீங்களா" என்றார். பெங்களூர்க்காரர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தப் பையன் 66-ல் எடுத்துவிட்டுப் போனார். போகும்போது சித்தப்பா நம்பரை வாங்கிக்கொண்டார், சாயங்காலம் கூப்பிட்டு "44 மிச்சம் இருக்குங்க சார்!" என்று அப்படி ஒரு சந்தோஷம்.

பெங்களூர்க் குடும்பத்துக்குக் கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர், முழுக்க ஏற்றப் பக்கம். அவர்களுக்கு முக்கால் பேட்டரியாவது வேண்டும், இல்லாவிட்டால் கிருஷ்ணகிரியில் இன்னொரு தடவை நிற்க வேண்டும். அவர்கள் எண்பது வரை போட்டால் நான் முகம் சுளிப்பதில் அர்த்தமில்லை.

இதற்குள் சித்தப்பா மெஷினுக்குப் பின்னால் போய்விட்டார். எந்த ஊரில் சார்ஜரைப் பார்த்தாலும் அவர் முதலில் தேடுவது எர்த் குழியைத்தான். பி கன்னில் வந்த எரர் தரைத் தொடர்பு சரியில்லை என்கிற வகை. எர்த் சரியில்லை என்றால் வண்டியே சார்ஜ் வாங்க மறுக்கும், அது பாதுகாப்புக்காக. குழி மூடியைக் காலால் தட்டி மண்ணை விலக்கி, குச்சியால் நெம்பித் தூக்கினார். உள்ளே கரியும் உப்பும் போட்ட இடம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் இருக்கிற குழாயைச் சுற்றி ஒரு எறும்புப் புற்று, புனலில் பிளாஸ்டிக் கவர் அடைத்துக் கிடந்தது. மழை இல்லை, யாரும் தண்ணீரும் விடவில்லை. வாட்ச்மேன் தாத்தா இரண்டு பக்கெட் தண்ணீர் கொண்டுவர, கவரை எடுத்துவிட்டுப் புனல் வழியாக மெதுவாக ஊற்றினார். குழி தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கேட்டது. கால் மணி கழித்து பி கன்னை எடுத்து மாட்டினேன். இந்த ஃபாஸ்ட் சார்ஜிங் கன் நல்ல கனம், கேபிள் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், முழங்காலால் அடியில் கொஞ்சம் தாங்கிப் பிடித்தால்தான் நேராக உட்காரும். டக் என்று பூட்டியது, திரையில் எண் ஓட ஆரம்பித்தது. "எல்லா எரருக்கும் தண்ணி ஊத்தக் கெளம்பிடாதீங்க, பெட்டிக்குள்ள எதையும் தொடாதீங்க" என்று அங்கே நின்ற எல்லோரிடமும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போனார்.

சார்ஜர் ஆப்பில் எர்த் குழி விஷயத்தை எழுதிவைத்தேன். இதையும் பலர் செய்வதில்லை. கன் வேலை செய்யவில்லை என்றால் திட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறோம், பின்னால் 8 சதவீதத்தோடு வருகிறவருக்கு அது தெரிய வேண்டாமா? எரர் என்ன, எந்தக் கன், எத்தனை மணிக்கு என்று இரண்டு வரி போதும்.

இன்னொன்று. பல இடங்களில் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும், ஆனால் இரண்டு வண்டி மாட்டினால் ஆளுக்கு 30 ஆகப் பிரிந்துவிடும். பக்கத்தில் இன்னொரு மெஷின் சும்மா இருக்கும்போது, நிழலுக்காக வந்து ஏற்கெனவே ஓடுகிற மெஷினின் இரண்டாவது கன்னை எடுக்காதீர்கள். இரண்டு பேருக்கும் நஷ்டம்.

ஞாயிறு, ஒகேனக்கல்

ஒகேனக்கல்லைப் பற்றி நான் புதிதாக என்ன எழுதிவிடப் போகிறேன். பரிசல், பாறை, எண்ணெய் மசாஜ், மீன் குழம்பு. சித்தி பரிசலில் ஏறும்போது எல்லாக் கடவுளையும் கூப்பிட்டார், இறங்கும்போது இன்னொரு சுற்று போகலாமா என்றார். பரிசல்காரர்கள் வரிசையை நடத்தும் விதம்தான் எனக்குப் பிடித்தது. யார் முதலில் வந்தது, எந்தப் பரிசலில் எத்தனை பேர், யாருக்கு அடுத்தது என்பதெல்லாம் ஒரு அண்ணன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார், ஒரு ஆப் இல்லை, ஒரு திரை இல்லை, ஒருவரும் முந்தவில்லை.

இங்கே தங்கிய லாட்ஜில் சார்ஜர் கிடையாது, ஏசிக்குப் போட்ட ஒரு 15 ஆம்பியர் பிளக் கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பொதுச் சார்ஜரில் ஒரு மரியாதை என்றால் அடுத்தவர் இடத்துப் பிளக்கில் இரண்டு மடங்கு மரியாதை வேண்டும். கேட்காமல் சொருகுகிறவர்கள் உண்டு, ரூம் வாடகையில் கரண்ட்டும் சேர்த்தி என்று வாதாடுகிறவர்களும் உண்டு. ராத்திரி முழுக்க அந்தப் பிளக்கில் போட்டால் 25 யூனிட் சாதாரணமாக இழுக்கும், லாட்ஜுக்கு வணிக இணைப்பு, வீட்டுக் கட்டணம் இல்லை. நான் வரவேற்பில் இருந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, வண்டித் திரையில் யூனிட் கணக்கு காட்டும், காலையில் பார்த்து நீங்கள் சொல்கிற விலைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் யோசித்து யூனிட்டுக்கு 15 ரூபாய் சொன்னார். நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜர்களில் 20 ரூபாயைத் தாண்டி, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டியும் கட்டுகிறோம், இது நியாயமான விலைதான்.

சித்தப்பா எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வெளியே எடுக்கவே விடவில்லை. அரை மணி ஓடிய பிறகு பிளக் டாப்பைத் தொட்டுப் பார்த்தார், கொஞ்சம் சூடு, உடனே வண்டியில் கரண்ட்டைக் குறைக்கச் சொன்னார். பழைய சாக்கெட்டில் பின் தளர்ந்திருந்தால் மணிக்கணக்கில் இழுக்கும்போது உருகிவிடும். லாட்ஜ்காரர் ஒரு தடவை கைசுட்டுக்கொண்டால் அடுத்து வருகிற மின்சார வண்டிக்காரர் யாருக்கும் பிளக் கொடுக்க மாட்டார், அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

திங்கள், பாப்பாரப்பட்டி, கிருஷ்ணகிரி, ஓசூர்

காலையில் மலை ஏறி பென்னாகரம் வந்து, நேராகப் போகாமல் பாப்பாரப்பட்டிக்குத் திரும்பினோம். சுப்பிரமணிய சிவா நினைவிடம். சித்தப்பாவின் ஆசை இது. சிறையில் தொழுநோய் வந்து, ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்ட பிறகும் நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், 1925-ல் இங்கேதான் இறந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சித்தி தண்ணீர் பாட்டிலைத் தேட, கிளம்பினோம்.

மதியம் மறுபடி கிருஷ்ணகிரி, வேறு ஹோட்டல், நாலு கன். மூன்றில் வண்டி. ஒன்றில் டாக்சி, பச்சைப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. டிரைவர் தம்பி சீட்டைச் சாய்த்து, ஏசியை ஓடவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், 91 சதவீதம். டாக்சிக்காரர்களைப் பற்றி நம் ஆட்கள் ரொம்பக் கோபமாக எழுதுகிறார்கள். தட்டி எழுப்பிப் பேசினேன். ராத்திரி இரண்டு மணிக்கு பெங்களூரில் எடுத்த வண்டியாம், ஓனர் 100 சதவீதம் போட்டோ அனுப்பச் சொல்வாராம், அப்போதுதான் அடுத்த சவாரி. அவரைச் சொல்லி என்ன செய்ய. ஆனால் ஓனரிடம் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது: கடைசிப் பத்து சதவீதத்துக்கு உங்கள் வண்டி அரை மணி நேரம் சும்மா நிற்கிறது, அந்த நேரத்தில் ஓசூர்ப் பாதி போயிருக்கலாம். தம்பி மட்டும், "யாராச்சும் வந்தா எழுப்புங்கக்கா, எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினார். கண்ணாடியை ஒரு இஞ்ச் இறக்கி வைத்திருந்தார், கூப்பிட்டால் கேட்க. சில சொந்த வண்டிக்காரர்களிடம் இந்த ஒரு இஞ்ச்கூடக் கிடையாது.

போன் நம்பர் விஷயம். டாஷ்போர்டில் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆண்களுக்குச் சரி. நெடுஞ்சாலையில் தனியாக வண்டி ஓட்டி வருகிற பெண் கண்ணாடியில் நம்பர் வைத்துவிட்டுப் போவாளா? எனக்கு அந்த ராங் கால்களைச் சமாளிக்கப் பொறுமை இல்லை. நான் செய்வது இது: ஒரு அட்டையில் "மாடி ஹால், ஜன்னல் ஓர டேபிள், பச்சைச் சுடிதார். 2:10-க்கு மாட்டினேன், 70-ல் எடுத்துவிடுவேன், அவசரம் என்றால் வந்து சொல்லுங்கள்" என்று எழுதி வைப்பேன். வாட்ச்மேனிடமும் சொல்லிவிடுவேன். மணியும் எடுக்கப்போகும் சதவீதமும் எழுதியிருந்தால் பின்னால் வருகிறவர் காத்திருப்பதா, அடுத்த ஹோட்டலுக்குப் போவதா என்று அவரே முடிவு செய்துகொள்வார். பாதி எரிச்சல் எவ்வளவு நேரம் என்று தெரியாததால்தான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மாடி ஏறி வந்து, "பச்சைச் சுடிதார் நீங்கதானேங்க?" என்றார். திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஓசூர் தாண்டி ஆனேக்கல் போகிறாராம், 14 சதவீதம், நாலு கன்னும் நிரம்பிவிட்டது. டாக்சித் தம்பியை எழுப்பலாம், ஆனால் என் வண்டியில் அப்போது 58. ஓசூர் 50 கிலோமீட்டர். யூனிட்டுக்கு ஆறரை என்றால் எட்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, ஏற்றத்துக்கு 2, ஆகப் பத்து, அதாவது 25 சதவீதம். போதும். தயிர்சாதத்தைச் சித்தி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு நான் மட்டும் இறங்கிப் போய் எடுத்தேன். கன்னைத் தரையில் போடாமல், மூடியைப் போட்டு அதன் கொக்கியில் மாட்டி, கேபிளைச் சுற்றி வைத்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினேன். பக்கத்துக் கன் ஒன்றின் மூக்கு உடைந்திருந்தது, யாரோ கீழே விட்டு அதன்மேல் டயர் ஏறியிருக்கிறது.

ஒரு வினோதம் சொல்ல வேண்டும். போச்சம்பள்ளியில் ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை, ஓசூரில் ஏத்தர், டிவிஎஸ், நாட்டுக்கே மின்சார வண்டி செய்து அனுப்புகிற பக்கம் இது. அந்த ஹோட்டலில் ஸ்கூட்டர் சார்ஜ் போட ஒரு பிளக் இல்லை. வேலைக்குப் போகிற ஒரு பெண் டீக்கடைக்காரரிடம் கேட்டு அவர் மிக்ஸி பிளக்கில் போட்டுக்கொண்டிருந்தாள், பத்து ரூபாயும் கொடுத்து ஒரு டீயும் வாங்கிக்கொண்டு.

சூளகிரிக்கு மேல் லாரிகளுக்குப் பின்னால் மெதுவாகத்தான் ஏற முடிந்தது, அதனால் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே செலவானது. ஓசூரில் சித்தி மகள் வீட்டு வாசலில் 35. அவள் இருப்பது அடுக்குமாடி. பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் போட சங்கம் இன்னும் அனுமதி கொடுக்கவில்லையாம், போன மாதக் கூட்டத்தில் சண்டையாம். சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் மீட்டர் போர்டு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார், செயலாளரையும் கையோடு அழைத்துக்கொண்டு.